விசர் மிஸ்

உளவளத்துணையாளர் என்ற சொல் என் அம்மாவின் வாயில் ஒருபோதும் முழுதாக வந்ததில்லை. யாராவது கேட்டால், "மகள் சனத்தோட கதைக்கிற வேலை" என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

யுத்தம் நடந்த அந்த ஆண்டுகளில் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் சிலரை மட்டக்களப்பில் வைத்துப் பயிற்றியது. படித்து முடித்துத் திருகோணமலைக்குத் திரும்பியவள் நான் ஒருத்திதான். நான் வருவதற்குள் அண்ணா அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். லிங்கநகரில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, காலையில் சைக்கிளில் உப்புவெளிக்குப் போவேன். அங்கே நிறுவனம் எடுத்திருந்த சின்ன வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. வாசலில் நீல எழுத்தில் 'உளநல நிலையம்' என்று ஒரு பலகை.

அந்தப் பலகை சனத்தை விரட்டியது. உள்ளே ஒருவர் வந்தால் அவர் வீட்டில் யாருக்கோ விசர், பைத்தியம் என்று ஊர் முடிவு கட்டிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலிக்கு அப்பால் நின்று "விசர் மிஸ்" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். பெரியவர்கள் கத்தவில்லை, என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போனார்கள். எதிரில் இருந்த வெறும் கதிரையைப் பார்த்தபடி நாள் முழுக்க இருந்துவிட்டு வீட்டுக்குப் போவேன். வீட்டிலும் கதைக்க ஆள் இல்லை.

முதலாவதாக வந்தவர் முன்வாசலால் வரவில்லை. ஒரு காலை, குசினிப் பக்கமாக மீன் பெட்டியோடு ஒரு அம்மா வந்து நின்றார்.

"மீன் வேணுமோ, பிள்ளை?"

"நான் இங்க சமைக்கிறேல்லை, அம்மா."

"தெரியும்." பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படியில் இருந்தார். "முன்பக்கத்தால வர ஏலாது. அதுதான் இப்பிடி வந்தனான்."

பக்கத்துக் கரையோர ஊரான சல்லியில் இருந்து வருகிறாராம். சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மகளை நான் கட்டி வச்சிருக்கிறன்."

அன்று பின்னேரமே சல்லிக்குப் போனேன். மகளுக்கு என் வயதுதான் இருக்கும். வலைக் கயிற்றின் ஒரு நுனி ஜன்னல் கம்பியில், மறுநுனி அவளின் இடுப்பில். இடுப்பு புண்படாமல் இருக்கப் பழைய சீலைத் துணியைக் கயிற்றின்மேல் சுற்றித் தைத்திருந்தார் தாய். ஆம்பிளைகள் உடுத்துகிற சாரம் ஒன்றை மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சுவரோடு கதைத்துக்கொண்டிருந்தாள்.

இராணுவத்தின் சுற்றிவளைப்பு ஒன்றில் அவளுடைய அண்ணனைக் கொண்டு போயிருந்தார்கள். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவள் நித்திரை கொள்வதில்லை. சப்பாத்துச் சத்தம் கேட்குது, அண்ணா கூப்பிடுறான் என்று எழும்பி ஓடுவாள்.

"அவிழ்த்துவிட்டா ஆமிக் காம்ப் பக்கமாத்தான் ஓடுறவள்," என்றார் தாய். "ஊரடங்கு நேரத்தில ஆரெண்டு பாப்பாங்களோ? சுட்டுப்போடுவாங்கள், பிள்ளை."

கட்டி வைத்திருப்பதைக் கண்டால் முதலில் அவிழ்க்கச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். அந்தப் பாடத்தில் காம்ப் இருக்கவில்லை. நான் அவிழ்க்கச் சொல்லவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பொழுதுபடும் வரை அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

மருந்து வேண்டுமென்றால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் வழியில் சோதனைச் சாவடி. பஸ்ஸில் வருகிற எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்து போய் மறுபக்கம் ஏற வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தனக்குள் முணுமுணுக்கிற ஒரு இளம்பெண்ணை அதற்குள்ளால் கொண்டு போவது எப்படி? இந்தப் பயத்திலேயே தாய்க்குப் பல மாதம் போயிருந்தது. கடைசியில் ஒரு நாள், தாய் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம்.

சாவடியில் நின்ற சிப்பாய் அவளிடம் பெயரைக் கேட்டான். அவள் அவனுடைய சப்பாத்தைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அவனுடைய கை துவக்கில் இறுகியது. எனக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும்.

"மே லெடெக், மஹத்தயா," என்றேன். இவ ஒரு நோயாளி, ஐயா.

என்ன நோய் என்று கேட்டான். விசருக்குச் சிங்களத்தில் ஒரு சொல் எனக்குத் தெரியும். அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. "பய வெலா," என்றேன். பயந்துபோனா.

"மொகட்டத பய?" எதுக்குப் பயம்?

அதற்கு நான் என்ன சொல்வேன்? தாய் மகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்தார். அவன் அவளைப் பார்த்தான், பிறகு அவள் பார்த்துக்கொண்டிருந்த தன் கால்களைப் பார்த்தான். துவக்கை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

மருந்து தொடங்கிய பிறகு கிழமைக்கு ஒருமுறை சல்லிக்குப் போனேன். மெல்ல மெல்ல நித்திரை வந்தது. கயிறு கழன்றது. ஒரு பின்னேரம், அந்தச் சாரம் யாருடையது என்று கேட்டேன்.

"அண்ணான்ர. அரைக்காற்சட்டையோட இழுத்துக்கொண்டு போனவங்கள். அவன் வெக்கப்படுவான், அக்கா. இதைக் குடுக்கத்தான் நான் ஓடினனான்."

அவள் என்னோடு கதைத்த முதல் முழுக் கதை அது. சைக்கிளை மிதிக்க ஏலாமல் உப்புவெளி வரை உருட்டிக்கொண்டே வந்தேன். இப்படியானவற்றை மூத்தவர் ஒருவரிடம் இறக்கி வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. என் மூத்தவர் மட்டக்களப்பில் இருந்தார். சண்டையால் பாதை பூட்டி இருந்தது. வாடகை வீட்டுக்காரி "ஏன் முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டா. "வெயில்," என்றேன்.

மாதா மாதம் அந்தச் சாவடியைக் கடப்பது யாருக்கும் நடக்கிற காரியமில்லை. கரையோர ஊர்களில் இப்படி மறைத்து வைக்கப்பட்ட இன்னும் சிலரை அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வைத்தியரே உப்புவெளிக்கு வந்தால் என்ன? அவர் ஒத்துக்கொண்டார். ஊர்ச் சம்மதத்துக்காகச் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தோம்.

ஊர்ச் சங்கத் தலைவர் எழும்பி, "மிஸ், எங்கட சனத்தில விசர் ஆக்கள் ஒருத்தரும் இல்லை. இல்லாத வருத்தத்துக்கு ஏன் டொக்டர்?" என்றார். சனம் சிரித்தது. பின்வரிசையில் அந்தத் தாய் குனிந்த தலை நிமிராமல் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்து சிரித்த ஒருவரின் தம்பியும் நான் போய்ப் பார்த்துவருகிற ஆள்தான். பதில் முழுக்க என் நெஞ்சுக்குள் இருந்தது. அதில் ஒரு சொல்லைக்கூட வெளியே விட எனக்கு உரிமையில்லை. ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் நின்றதில்லை.

சிரிப்பு அடங்க முன்பே கேட்டேன்: "பிறஷர் இருக்கிற ஆக்கள் இருக்கினமோ? சீனி வருத்தம்? நித்திரை வராத ஆக்கள்?"

நித்திரை என்றதும் சிரிப்பு நின்றது. ஒரு கிழவர் கையை உயர்த்தினார். பிறகு அவருடைய மனைவி. பிறகு பெண்கள் பக்கம் முழுக்க.

அப்படித்தான் எல்லா வருத்தங்களுக்குமாக ஒரு கிளினிக் வந்தது. ஒரே வரிசை, உள்ளே துணித் தடுப்பு. யார் பிறஷருக்கு வந்தார், யார் மற்றதுக்கு வந்தார் என்று வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. நீலப் பலகையை நானே கழற்றினேன்.

எனக்குப் பேசிவந்த ஒரு கலியாணம் அந்த வருடம் குழம்பியது. விசர் ஆக்களோடு பழகுகிற பெண் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னார்களாம். அம்மா தொலைபேசியில் அழுதா. நான் அடுத்த நாளும் வேலைக்குப் போனேன்.

அடுத்த வருடம் அந்தத் தாய் மறுபடியும் குசினிப் பக்கமாக வந்தார். மகளுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது, நிலாவெளிப் பொடியன். அதைச் சொல்லிவிட்டு, போகாமல் நின்றார்.

"கோவிக்காதேங்கோ, பிள்ளை. நீங்கள் கலியாணத்துக்கு வந்தா, மாப்பிள்ளை பகுதி ஆரெண்டு கேக்கும்."

"ஓம், அம்மா. நான் வரேல்லை."

"நீங்கள் தெய்வம் மாதிரி..." என்று தொடங்கி அழுதார். நான்தான் அவரைத் தேற்றி அனுப்பினேன். கலியாண நாளில் கிளினிக் இருந்தது. வழக்கத்தைவிட மெதுவாக வேலை செய்தேன்.

அதற்குப் பிறகு ஒருமுறை சந்தையில் அவளைக் கண்டேன், புருஷனோடு. நாங்களாக முந்திக் கதைக்கக் கூடாது என்பதும் தொழிலின் விதி. அவள் என்னைக் கண்டாள், திரும்பிக்கொண்டாள். நான் கத்தரிக்காய் பொறுக்கினேன்.

அந்த மழைக்காலத்தில் ஒரு கிளினிக் நாள், வரிசையில் நின்று உள்ளே வந்தாள். எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, "பிள்ளை உண்டாகியிருக்கு, அக்கா. இந்த மருந்தை எடுக்கலாமோ எண்டு டொக்டரைக் கேக்கவேணும்," என்றாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ, வந்தது?"

"தெரியாது. என்ர அவருக்குச் சொல்லிப்போட்டன். கயிறு, அண்ணா, எல்லாம்."

எனக்குப் பயம் பிடித்தது. "என்ன சொன்னார்?"

"விடிய எழும்பிச் சைக்கிளுக்குக் காத்தடிச்சார். வெளியில நிக்கிறார்."

வைத்தியர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். அவள் போகும்போது வாசல்வரை நான் போகவில்லை, ஜன்னலால் பார்த்தேன். ஒல்லியான ஒருவன், தூறலில் சைக்கிள் இருக்கையைச் சாரத்தால் துடைத்துக்கொண்டு நின்றான். அவளை முன்பாரில் ஏற்றிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் மிதித்தான். இரண்டு பேரும் ஏதோ கதைத்துக்கொண்டு போனார்கள்.

யாருக்காவது இதைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. கனடாவில் அப்போது விடிந்திருக்காது. விடிந்திருந்தாலும் சொல்லக்கூடிய கதையில்லை. அடுத்த ஆளை உள்ளே வரச் சொன்னேன்.