முட்டி நல்லாத்தான் இருக்கு

திரை விழுந்து மறுபடி எழுகிறது. நடிகர்கள் கைகோத்து வரிசையாக வந்து கும்பிடுகிறார்கள். அரங்கமே எழுந்து நின்று தட்டுகிறது. நாற்காலிகள் மடங்கும் சத்தம் அடங்குவதற்குள் நானும் எழுந்துவிட்டேன். எழுந்து நிற்பதில் எனக்கு எப்போதும் ஒரு அவசரம். மூன்றாவது வரிசையின் ஓர நாற்காலியில் ஒருவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கைகள். சுற்றி நிற்பவர்களின் இடுப்புகளுக்கு நடுவே அவர் முகம் மட்டும் நிதானமாகத் தெரிகிறது. சங்கடத்தோடு குனிந்து பார்த்தால், "நீங்க நில்லுங்க. உங்க காலு, உங்க இஷ்டம்" என்கிறார்.

அவர்தான் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் இருக்கும். அவருடைய வலது கால் எப்போதும் அதன்மேல்தான் தயாராக நிற்கும். பட்டப்பெயர் அப்படி வந்தது. அவரிடம் கற்றுக்கொண்ட எங்களுக்கெல்லாம் சாலையைவிட அந்தக் கால்தான் முக்கியம். பாராட்டு என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை வராது. திடீரென்று ஒரு நாள் அந்தக் காலை இழுத்து இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொள்வார். நமக்கு ஓட்ட வந்துவிட்டது என்று அர்த்தம். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் அந்தக் காலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

நட்டநடுச் சாலையில் வண்டி நின்றுபோய், பின்னால் ஹாரன்கள் அலறும்போது நமக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துப் பின்னால் காட்டுவார். "அடிக்கறவன் அடிக்கட்டும். நீங்க கிளட்ச்சை மெதுவா விடுங்க."

மாலையில் வேலை முடிந்தால் நாடகம், சினிமா, ஓவியக் கண்காட்சி என்று எங்கேயாவது கிளம்பிவிடுவார். அங்கேயும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை. நடிகர் தேவைக்கு மேல் குரலை உயர்த்தினாலும், பாடகி உருக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிழிந்தாலும் வலது கால் தரையை அழுத்தும். பக்கத்தில் இருக்கும் நான் மேடையையும் பார்க்க வேண்டும், காலையும் பார்க்க வேண்டும். கழுத்து வலிதான் மிச்சம்.

பாராட்டுவதில் கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கஸில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் தாவிய பையனை ஊரே வாயைப் பிளந்து பார்த்தபோது, இவர் தலைகீழாகத் தொங்கி அவனைப் பிடித்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்து, அந்த மனிதர் ஓரமாக நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா தனியாக எழுந்து நின்று தட்டினார். "பறக்கறவன் கண்ணை மூடிக்கலாம். புடிக்கறவன் மூட முடியாது." ஒரு சினிமாவில் கதாநாயகி அழுதுகொண்டே கார் ஓட்டுகிறாள். அரங்கமே மூக்கை உறிஞ்சுகிறது. அக்கா என் தொடையில் ஓங்கித் தட்டினார். "திரும்பறதுக்கு முன்னாடி கண்ணாடியைப் பாத்தா, பாத்தீங்களா? இவளுக்கு ஓட்டவும் தெரியும், அழவும் தெரியும்." மழை பெய்து ஓய்ந்த தெருவை யாரோ வரைந்த படத்தின் முன்னால், காவலர் வந்து மூடும் நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை நின்றிருக்கிறார். அந்த ரோட்டில் பிரேக் போட்டால் வண்டி நிச்சயம் சறுக்கும் என்பது அவருடைய விமரிசனம். அதைவிடப் பெரிய புகழுரை அந்த ஓவியருக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

வினை, சொந்தத் தம்பி வடிவில் வந்தது. அவருடைய தம்பி பகலில் பெயின்ட் கடையில் வேலை பார்ப்பவர், மாலையில் நாடக நடிகர். போன வருஷம் ஒரு நாடகத்தில் மகனைப் பறிகொடுத்த அப்பாவாக மேடையில் புரண்டு புரண்டு அழுதார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அந்தக் காட்சி முழுக்க அக்காவின் கால் தரையைவிட்டு எழவே இல்லை. ஆளும் எழவில்லை. அது மேடையிலிருந்து தம்பிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. முகத்துச் சாயத்தைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார்.

"ஊரே எழுந்து நின்னுச்சு. உனக்கு மட்டும் முட்டி வலியாக்கா?"

"முட்டி நல்லாத்தான் இருக்கு. நீதான் நல்லா இல்ல. எல்லா அழுகையையும் நீயே அழுதுட்டா நாங்க எதை அழறது?"

அன்றோடு பேச்சு நின்றது. தம்பி வீட்டுப் பக்கம் வருவதில்லை. அக்காவோடு இருக்கும் அம்மாதான் நடுவில் கிடந்து தவித்தார். கூடப் பிறந்தவனுக்காக ஒரு தடவை எழுந்து நின்றால் கால் தேய்ந்தா போய்விடும் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். அக்காவின் பதில் ஒன்றுதான்: "கிட்னி கேட்டா ஒண்ணு எடுத்துக்கட்டும். இதை மட்டும் கேக்க வேணாம்." இப்படிச் சொல்லிவிட்டுத் தம்பியின் பழைய சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

போன வாரம் தம்பிக்குப் புது நாடகம். அழைக்கவில்லை என்பது மட்டுமல்ல, வரவே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியும் அனுப்பியிருந்தார். "டிக்கெட் என் காசு, பாக்கறது என் கண்ணு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார் அக்கா. இன்றைக்கும் இவர் உட்கார்ந்தே இருந்தால் அந்த உறவு அவ்வளவுதான். எப்படியாவது எழுந்துவிடுங்கள் என்று வாசலிலேயே கெஞ்சினேன்.

"பொய்யா எழுந்தா அவன் கண்டுபுடிச்சிடுவான்" என்றார். "அப்புறம் நான் நெஜமா எழுந்தாலும் நம்பமாட்டான்."

மனைவியை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் கணவன், தம்பிக்கு வேஷம். வந்து உட்கார்ந்ததும் தொலைபேசி அடிக்கிறது. விஷயம் தெரியாத யாரோ அவளைக் கேட்கிறார்கள். "அவ இல்லீங்களே, ஏதாவது சொல்லணுமா?" என்கிறார். காகிதம் எடுக்கிறார். பேனா எழுதவில்லை. உதறுகிறார், உள்ளங்கையில் கிறுக்கிப் பார்க்கிறார், "ம், சொல்லுங்க" என்று சேதியை எழுதிக்கொள்கிறார். அழுது புரண்ட அதே மனிதர்தான். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பேனாவைப் பார்த்துப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் என் பையில் பேனாவைத் தேடினேன்.

பழக்க தோஷத்தில் கீழே பார்த்தேன். அக்காவின் கால் நாற்காலிக்கு அடியில் மடங்கியிருந்தது.

அடுத்த நொடி எழுந்துவிட்டார். காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது, அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள், இவர் மட்டும் நிற்கிறார். கைதட்டவில்லை, தட்டினால் தம்பியின் வேலை கெடும். மறைக்கிறது, உட்காருங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் இன்னும் நாலைந்து. நான் கைப்பையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மேடையில் எழுதிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்து எழுதியது. பின்வரிசைச் சத்தம் ஏறியது. அக்கா மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், வலது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.