பக்கத்து வாசலில் தூங்கிய கோழி

கோழிக்கு உடம்பு சரியில்லையோ என்று முதலில் போனில் கேட்டவள் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் மகள். தலவாக்கலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், அந்தக் கோழியோடு ஒரே லயத்து வீட்டு வரிசையில் இருந்த எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

"ம்மா, செவலக்கோழி ஏன் எந்த நேரமும் தூங்கிக்கிட்டே இருக்கு? அதுக்குச் சொகமில்லையா?"

"ஒனக்கு யாரு சொன்னா?"

"நாந்தான் பாத்தேனே. சின்னம்மா வாசப்படியில தூங்குது. நேத்தும் தூங்குச்சு. முந்தாநாளும் தூங்குச்சு."

அவள் சின்னம்மா என்று சொன்னது எங்களுக்குச் சொந்தக்காரியை அல்ல. லயத்தின் கடைசி வீட்டில், எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள். எட்டு வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், தனியாக இருந்தாள். கையில் பெரிய போன் இருந்தது. அதில் முகம் பார்த்துப் பேசலாம். என்னிடம் இருந்தது பொத்தான் போன்.

மகள் கேட்டதில் எனக்குக் கோழி காதில் விழவில்லை. நேற்றும், முந்தாநாளும் என்பதுதான் விழுந்தது. எனக்கு அவள் போன் எடுப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் ஐந்து நிமிடம். பக்கத்து வீட்டுக்குத் தினமும் எடுக்கிறாள்.

அந்தக் கோழியே மகள் வளர்த்ததுதான். வேனில் குஞ்சு விற்க வந்தவனிடம் வாங்கி, தன் பழைய ஸ்வெட்டரில் சுருட்டி அடுப்படியில் வைத்துக் காப்பாற்றினாள். கொழும்புக்குப் போகும்போது "பத்தரமா பாத்துக்கங்க" என்று என்னிடம்தான் ஒப்படைத்தாள். நான் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்ப்பவள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வது என் வேலை. ஆகவே கோழியின் பகல் எனக்குத் தெரியாது. அது முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பௌர்ணமி போயா லீவன்று, வேறு வேலை எதுவும் பார்க்காமல் கோழியையே கவனித்தேன். மத்தியானத்துக்குள் நான்கு தடவை தூங்கியது. நான்கும் அவள் வாசலில். ஒரு தடவை அவள் மடியிலேயே ஏறி உட்கார்ந்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கீழ் இமையை மேலே ஏற்றிக் கண்ணை மூடியது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் தூக்கினால் கையைக் கொத்துகிற கோழி அது.

காம்பராவில் ஒரு பிள்ளை அடிக்கடி தூங்கினால் பயப்படலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியும். சுகமுள்ள பிள்ளையைத் தட்டி எழுப்பினால் அழும், பிறகு பால் கேட்கும். சுகமில்லாத பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி சாயும், பால் போத்தலைத் திரும்பிப் பார்க்காது. அதையே கோழிக்கும் செய்து பார்த்தேன். கையைத் தட்டினேன், துள்ளி எழுந்தது. அரிசியைத் தூவி "பா பா" என்றேன். ஓடிவந்து மிச்சமில்லாமல் பொறுக்கியது. எச்சம் கெட்டியாகத்தான் இருந்தது. தின்று முடித்ததும், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்ப அவள் படிக்கே போய்த் தூங்கியது.

சீக்கு இல்லையென்றால், அது விரும்பித்தான் அங்கே போகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. சீக்காகவே இருக்கட்டும் என்று மனம் கேட்டது. தேடிப் பார்த்ததில் கொண்டை கொஞ்சம் வெளிறியிருந்தது. கழுத்தில் இறகு கொட்டியிருந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

நேரே போய்க் கோழியைத் தூக்கினேன். "இதுக்குச் சீக்கு வந்திருக்கு. கண்டவங்க மடியில எல்லாம் படுக்க விடக்கூடாது. ஒட்டிக்கும்."

"எங்கிட்டதான் கோழியே இல்லையேக்கா, ஒட்டிக்கிறதுக்கு" என்று சிரித்தாள் அவள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது நல்லாத்தான் இருக்கு. வெயில் எங்க வாசல்லதானே விழுகுது" என்றாள்.

அது உண்மைதான். எங்கள் வாசலுக்கு முன்னால் பெரிய டர்பன்டைன் மரம் நிற்கிறது. மத்தியானம்வரை எங்களுக்கு நிழல்தான். இருந்தாலும் நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் அடைத்தேன்.

கூடைக்குள் அது தூங்கவில்லை. சுற்றிச் சுற்றி நடந்தது. வைத்த சோற்றைக் கிளறிவிட்டு அப்படியே விட்டது. மறுநாள் சாயங்காலம் கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தடவிப் பார்த்தேன். பொழுது சாயும்போது நிறைந்து கெட்டியாக இருக்க வேண்டிய பை, தொளதொளவென்று கிடந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றது. இல்லாத சீக்கை நானே வரவழைத்துவிட்டேனோ என்று அப்போதுதான் பயம் வந்தது. மகளுக்கு என்ன சொல்வேன்?

அவளே போன் எடுத்தாள். "ம்மா, கூடையில போட்டு மூடிட்டீங்களாமே. மொதல்ல டாக்டர்கிட்ட கொண்டு போங்க." அந்தச் செய்தியும் பக்கத்து வீட்டிலிருந்துதான் அவளுக்குப் போயிருந்தது.

அடுத்த நாள் அரைநாள் லீவு சொன்னேன். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரி, ஓட்டை போட்ட பிஸ்கட் பெட்டியோடு வாசலில் நின்றாள். "நானும் வாரேன்க்கா." வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பஸ்ஸில் பெட்டி அவள் மடியில்தான் இருந்தது. வளைவுகளில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். கோழியின் நெஞ்செலும்பைத் தடவி, அலகைத் திறந்து, கண்ணைப் பார்த்து, பெட்டியின் அடியில் கிடந்த எச்சத்தையும் குனிந்து பார்த்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம் கேள்வி கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூங்குகிறது? எவ்வளவு நேரம்? மண்ணில் குளிக்கிறதா? மற்றக் கோழிகளைவிட்டு ஒதுங்குகிறதா? கடைசியாக முட்டையிட்டது எப்போது?

எனக்கு ஒன்றுக்கும் நிச்சயமான பதில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து வீட்டுக்காரிதான் பதில் சொன்னாள். பத்து மணிக்கு ஒரு தூக்கம், தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்று, தண்ணீர் விழும் பீலியடியில் மண் குளியல், மூன்று வாரமாக முட்டை இல்லை. வைத்தியர் மெல்ல மெல்ல அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோழி உங்களுடையதா?" என்று அவளிடமே கேட்டார்.

"இல்ல, அக்காவோடது" என்றாள். அவள் அப்படிச் சொன்னதுகூட எனக்கு எரிந்தது.

கோழிக்கு நோய் ஒன்றும் இல்லை. பழைய இறகு கொட்டிப் புதுசு முளைக்கும் காலம் என்றார் வைத்தியர். கழுத்தில் பழைய இறகை விலக்கி, முள் முள்ளாகக் கிளம்பியிருந்த புது இறகைக் காட்டினார். அந்தச் சமயத்தில் முட்டை நிற்கும், கொண்டை வெளிறும், களைப்பில் வெயில் தேடிப் படுக்கும். தீனியைக் கண்டால் எழுந்து ஓடிவந்தால் அது வெறும் தூக்கம். எழுப்பினாலும் எழாமல், தின்னாமல், வெள்ளையாகவோ பச்சையாகவோ கழிந்தால் உடனே கொண்டுவர வேண்டும். குடல் பூச்சிக்கு மருந்து கொடுத்தார். கூடையில் அடைக்க வேண்டாம் என்றும் சொன்னார். கூடை விஷயத்தை அவரிடம் சொன்னது நான் அல்ல.

பஸ் வரும்வரை ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்தோம். எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"எம் மக ஒங்கிட்ட தெனமும் அப்பிடி என்னதான் பேசுறா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குக்கா. ஆனா நீங்க என்னய வேற மாதிரி நெனைக்கிறீங்க. ஒங்க மக வெளிநாடு போகணும்னு நிக்குது. எந்த ஏஜென்சி நல்லதுன்னு எங்கிட்ட கேக்குது."

"நீ என்ன சொன்ன?"

"போவாதன்னு சொன்னேன். மூணு மாசமா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்கேன்." பெட்டியின் ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுக் கோழியைத் தடவினாள். "அங்க எட்டு வருசம் பகல்ல நா கண்ண மூடுனதே இல்லக்கா. ஒக்காந்தாலே கூப்புடுவாங்க. ஒங்க கோழி எம் மடியில தூங்கும்போது எழுப்ப மனசு வராது. ஒரு நா பேசையில போனக் கோழி பக்கம் திருப்பிக் காட்டினேன். 'பாரு, இதுக்குக் குடுத்துவச்சது எனக்குக் குடுத்துவைக்கல'ன்னு சொன்னேன். அன்னக்கிதான் ஒங்க மக கொஞ்சம் யோசிச்சுச்சு."

நான் அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். வரவில்லை. என் பிள்ளையைத் தடுத்தது நானாக இருந்திருக்க வேண்டும் என்கிற எண்ணம்தான் வந்தது. கோழியை எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தபோது வந்ததைவிட அது பெரிய பொறாமையாக இருந்தது. பஸ் வந்ததும் பெட்டியை அவளிடமிருந்து வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்துவிட்டதும் கோழி நேராக அவள் படிக்குப் போனது. நான் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"வெளிநாடு போகக் கேட்டியாமே."

"சின்னம்மா சொல்லிட்டாங்களா?"

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"ஒங்ககிட்ட சொன்னா நீங்க அழுவீங்கம்மா. அவங்க அழாம கேட்டாங்க."

அழுகையை அடக்கிக்கொண்டு, கடையில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். நாள் முழுக்க நிற்கவேண்டியதை, கால் வீங்குவதை, உட்கார ஒரு முக்காலிகூடத் தராததை, மேற்பார்வையாளன் போடும் சத்தத்தைச் சொன்னாள். நான் "ம்" மட்டும் கொட்டினேன். உலையில் தண்ணீர் வற்றிப்போகும்வரை பேசினாள். மாதம் முடிந்ததும் அவள் வேறு கடைக்கு மாறினாள். உட்கார்ந்து பில் போடும் வேலை.

தீபாவளி லீவுக்கு வந்தவள் முதலில் எங்கள் வீட்டுக்குள்தான் நுழைந்தாள். அதை நான் கவனிக்காமல் இல்லை. பையை வைத்தாள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், தேத்தண்ணியை வாங்கினாள். கோப்பையோடு அடுத்த வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்தாள். புது இறகோடு பளபளவென்றிருந்த கோழி இரண்டு பேருக்கும் நடுவில் கண்ணை மூடிக் கிடந்தது.

நான் என் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே காதைக் கொடுத்தேன். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். பாதிதான் கேட்டது. கிழங்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் எழுந்து அங்கே போனேன்.