கணேசமூர்த்தியின் திறந்த லேப்டாப்

டீ குடிக்கப் போகும்போது கணேசமூர்த்தி லேப்டாப்பைப் பூட்டுவதில்லை. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பக்கத்து இருக்கை லாவண்யாவிடம், "ஓப்பனாத்தான் இருக்கு, யாராச்சும் ஃபைல் கேட்டா எடுத்துக் குடும்மா" என்பார். போய்விடுவார். யாரோ ஒரு நோயாளியின் மருத்துவமனை பில் திரையில் ஊருக்கே தெரிய விரிந்து கிடக்கும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் எங்களுடையது. தகவல் பாதுகாப்பு என் பொறுப்பு. அதாவது, கணேசமூர்த்தியோடு மல்லுக்கட்டுவது என் பொறுப்பு. ஹெப்பகோடியில் அவர் குடியிருக்கும் கட்டடத்துக்கே, ராத்திரி அவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் அந்த ஆபீஸ் லேப்டாப்தான் பிரவுசிங் சென்டர். மாடி வீட்டுக்காரர் பென்டிரைவைக் கொண்டுவந்து செருகி, மகளின் கல்யாணப் பத்திரிகையைத் திருத்துவார். கீழ்வீட்டுக்காரர்கள் கரண்ட் பில் கட்டுவார்கள். ஏன் சார் இப்படி என்று கேட்டால், "நம்ம பில்டிங் ஆளுங்கதான மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்று கன்னடம் கலந்து கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்வார். எனக்குக் கோபம் தலைக்கேறும். அடுத்த நிமிடமே எனக்கும் ஒரு டீ வாங்கிவந்து மேசைமேல் வைப்பார். இந்த மனிதரை என்னதான் செய்வது?

ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியாயிற்று. இன்னொரு தப்பு நடந்தால் வேலை போய்விடும். அவர் மகள் இந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருக்கிறாள். இதெல்லாம் தெரிந்தும் ஆயுத பூஜையன்று பண்ணினார் பாருங்கள் ஒரு காரியம்! பூஜைக்கு வைக்கும் லேப்டாப்பை மூடி வைத்தால் அபசகுனமாம். எல்லோருடையதையும் வரிசையாகத் திறந்துவைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, போட்டோ எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். சாமந்திப் பூவுக்கு நடுவே அவருடைய திரையில் ஒரு பெண்ணின் பெயரும், அவள் எடுத்துக்கொள்ளும் மனநல சிகிச்சையின் விவரமும் பளிச்சென்று தெரிந்தன. அவளைத் தெரிந்த யாரோ பார்த்திருக்கிறார்கள். படம் அவள் வேலை பார்க்கும் இடம்வரை போய்விட்டது. எங்களுக்குப் போன் செய்து அழுதாள். நானே புகார் எழுதிக் கொடுத்தேன்.

விசாரிக்க மேலாளர் சீனிவாசராகவன் வந்தார். கணேசமூர்த்தி அன்று அட்ஜஸ்ட் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அந்தப் பொண்ணுகிட்ட நான் நேர்ல மன்னிப்பு கேக்கணும் மேடம்" என்று என்னிடம் மட்டும் சொன்னார். எனக்கே மனசு ஒருமாதிரி ஆகிவிட்டது.

வேலைநீக்க உத்தரவை அங்கேயே தட்டச்சு செய்துவிடலாம் என்று மேலாளர் தன் லேப்டாப்பைத் திறந்தார். கடவுச்சொல்லை அடித்தார். ஏற்கவில்லை. மறுபடி அடித்தார். ஏற்கவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டார்.

கணேசமூர்த்தி மெல்ல எழுந்து அவர் பக்கம் போனார்.

"போன வாரம் மாத்தினீங்களே சார்."

குனிந்து, மேலாளரின் கடவுச்சொல்லைத் தானே தட்டி, திறந்த லேப்டாப்பை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.