ஒரு பிடி ரவை

மலாயாவின் அவசரகாலத்தில், மலாக்காவிலிருந்த எங்கள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு ஆறு மாதத்துக்கு, மாதம் ஒரு பெரிய கலைஞரை வரவழைக்கலாம் என்று சொன்னவள் என் விடுதி அறைத்தோழி. பக்கத்திலிருந்த தங்கா பத்து ஊர்க்காரி. முதல்வர் ஆங்கிலேயப் பெண்மணி. சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. முதல் கச்சேரி சரியாக நான்கு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிய வேண்டும். ஊரடங்குக்கு முன் வெளியாட்கள் பஸ் ஏறியிருக்க வேண்டும். அதில் குளறுபடி நடந்தால் மீதி ஐந்து மாதமும் மண்டபத்தில் இசைத்தட்டுதான்.

முதலில் வருவதாக ஒப்புக்கொண்டவர், தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்த ஒரு பாடகி. ரேடியோவில் அவர் குரல் வந்தால் எங்கள் வீடுகளில் யாரும் பாத்திரம் கழுவமாட்டார்கள். அவருக்கு வாசிக்கவிருந்த சிங்கப்பூர் மிருதங்க வித்வான் முன்கூட்டியே எங்கள் மாணவியர் சங்கச் செயலாளருக்கு, அதாவது தோழிக்கு, கடிதம் எழுதியிருந்தார். ஒரு பிளாஸ்க் வெந்நீரும் ஒரு பிடி ரவையும் வேண்டுமாம்.

"ஒரு பிடியா? அவ்ளோ தூரம் வர்ற மனுசனுக்கு ஒரு பிடி எப்படிடி பத்தும்?" என்றாள் தோழி. பண்டகசாலையில் இருந்த ரவை முழுவதையும் சமையல்கார அக்காவிடம் கொடுத்து உப்புமா கிண்டச் சொன்னாள்.

மிருதங்கத்தின் இடப்பக்கத்தில், கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து அப்புவார்கள் என்பதும், அந்தப் பக்கத்தின் கனத்த நாதமே அதனால்தான் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது. எங்கள் ரப்பர் எஸ்டேட்டுகளில் நாங்கள் கேட்டு வளர்ந்தது தப்பும் தவிலும்.

கச்சேரி நாளன்று மூன்றேகாலுக்கு கார் வந்தது. அதற்குள் பக்கத்து ஊர்களான பாச்சாங்கிலிருந்தும் பாயா ரும்புட்டிலிருந்தும் வந்தவர்கள் நாற்காலிகளை நிரப்பிவிட்டு ஜன்னல்களிலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பாடகி கருநீலப் பட்டில் இறங்கியதும் எங்கள் வகுப்பு மொத்தமும் கீச்சென்று கத்தியது. வித்வான் காப்பி குடித்துவிட்டு, "ரவை எங்க தங்கச்சி?" என்றார். தோழி பெருமையாகப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"இது உப்புமா."

"ஆமாண்ணே. சூடா இருக்குலா, சாப்பிடுங்க."

"எனக்கில்லம்மா. மிருதங்கத்துக்கு."

எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் ஒரு பொட்டலம் எடுத்து வந்திருந்தார். சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் அதைப் பறித்துக்கொண்டார். காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளின் கைக்குப் போய்விடும் என்று, சமைக்காத உணவுப்பொருளைச் சாலையில் கொண்டுபோக அப்போது தடை. "கொட்டுக்குன்னு சொன்னேன். கொட்டு சாப்பிடுமான்னு கேட்டான். ஆமான்னேன். பொட்டலமும் போச்சு, பையைக் கொட்டிக் கவுத்து அரைமணி நேரமும் போச்சு."

உப்புமாவையே சரிசெய்து பார்ப்பது என்று முடிவாயிற்று. எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து கடுகையும் வெங்காயத்தையும் பொறுக்கினோம். வித்வான் ஓர் உருண்டை பிடித்து அப்பினார். எண்ணெய்ப் பசையில் அது வழுக்கி அவர் மடியில் விழுந்தது. மறுபடி அப்பினார், மறுபடி விழுந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு விக்கல் வந்துவிட்டது. பாடகி தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "என்னைச் சிரிக்க வைக்காதீங்கடி, பாட முடியாது!" என்றார். தோழி மட்டும் சிரிக்கவில்லை. மணி மூன்று முப்பத்தைந்து.

"பெரிய துரைசானி பங்களாவுல ரவை இருக்கு" என்றார் சமையல்கார அக்கா. "வயித்துக்கு நல்லதுன்னு தினமும் பால்ல காச்சித்தானே குடிக்கிறாங்க."

"அவங்ககிட்டயா? நான் செத்தேன்லா!"

"அப்ப இசைத்தட்டு போதுமா?" என்றேன்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடினோம். முதல்வர் கண்ணாடி முன் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். மிருதங்கம், உப்புமா, போலீஸ்காரர் எல்லாவற்றையும் தோழி ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். தன் தவறையும் மறைக்கவில்லை. முதல்வர் ஒன்றுதான் கேட்டார்: "எவ்வளவு?" தோழி கையை மூடிக் காட்டினாள். அவரே தகர டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் நடைக்கு ஈடுகொடுக்க நாங்கள் மறுபடியும் ஓட வேண்டியிருந்தது.

வித்வான் பிசைந்தார், அப்பினார், உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். 'தொம்' என்றது. நாங்கள் போட்ட கூச்சலில் மண்டபமும் காரணம் தெரியாமல் கைதட்டியது. முதல்வர் தன் வயிற்றில் கைவைத்து, "இங்கே கேட்கிறது" என்றார்.

நான்கு மணிக்குத் திரை விலகியது. ஐந்து ஐம்பதுக்குப் பாடகி முடித்தபோது, "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று ஜன்னல்கள் கத்தின. தோழி பயந்துபோய் முதல்வரைப் பார்த்தாள். முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒரு விரலை உயர்த்தினார். ஆறுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் அந்தப் பாட்டும் முடிந்தது. வெளியே பஸ்கள் ஹாரன் அடித்தன.

கூட்டம் கலைந்ததும் முதல்வர் எங்களிடம் வந்து கையை நீட்டினார். அடுத்த மாதக் கலைஞருக்குப் போகவேண்டிய அழைப்புக் கடிதம் தோழியின் கோப்பில் இருந்தது. தோழி எடுத்துக் கொடுக்க, பியானோ மூடியின் மேல் வைத்து அதில் கையெழுத்துப் போட்டார்.

தோழி அந்தக் கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தாவின் கடைசிவரை ஓடினாள், திரும்பியும் ஓடிவந்தாள்.

மிருதங்கத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்த வித்வான் நிமிர்ந்தார். "யாரும்மா அது, இப்படி ஓடுறது?"

"எங்க செயலாளர், அண்ணே" என்றேன்.