இரண்டிலும் வெள்ளை

"15.11.2022, செவ்வாய். காலை 8.05. மழை வரும்போல் இருக்கிறது. இரண்டிலும் வெள்ளை. அக்காவிடம் சொல்லவில்லை."

என் நாட்குறிப்பில் உள்ள இந்த வரிகளை, மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், கூலாய்க்குப் பக்கத்தில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியிருக்கும் ஒரு சின்ன மாரியம்மன் கோயிலின் வாசலில், காருக்குள் உட்கார்ந்து எழுதினேன். நாட்குறிப்பு எழுதுவது எனக்கு முப்பது வருடப் பழக்கம். செனாயில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவன். எதையும் தேதி போட்டு எழுதாவிட்டால் அது நடந்ததாகவே எனக்குத் தோன்றாது.

அந்த மாதத் தொடக்கத்தில் அக்காவின் மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் மருத்துவர். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அப்போது ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. வியாழனை விட்டால் அறுவைக்கு ஒதுக்கிய நாள் கைவிட்டுப் போய்விடும். அக்காவோ படிவத்தைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு, "பூ கட்டிப் பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார்.

பூக்கட்டிப் பார்ப்பது எங்கள் குடும்பத்தில் தோட்டத்தில் வேலை செய்த காலத்திலிருந்தே உண்டு. ஒரே அளவான இரண்டு வாழையிலைத் துண்டுகள். ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. எது எதுவென்று வெளியே தெரியாதபடி நூலால் கட்டி அம்மன் காலடியில் வைத்துவிட்டு, மனதில் கேள்வியைச் சொல்லி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எங்கள் வீட்டில் கல்யாணம், வீடு வாங்குவது என்று எல்லாமே இப்படித்தான் முடிவாயின.

எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. கடவுள் உண்டு என்று தர்க்கத்தால் நிறுவ முயன்ற புத்தகங்களையும், அந்தத் தர்க்கத்தை உடைக்க முயன்ற புத்தகங்களையும் வருடக்கணக்காகப் படித்து, பக்க எண்ணோடு குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் முழுதாக ஜெயித்ததாக எனக்குப் படவில்லை. ஆனால் ஒரு கட்டி இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை அரளிப்பூவிடம் கேட்பது என்னால் தாங்க முடியாத விஷயமாக இருந்தது.

அந்தச் செவ்வாய் காலை, பெர்மாஸ் ஜெயாவில் அவர் வீட்டிலிருந்து அக்காவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறியதுமே ஆரம்பித்தேன்.

"ரெண்டு பொட்டலத்துல ஒண்ண எடுத்தா பாதிக்குப் பாதிதான்க்கா. காசு சுண்டிப் பாக்கறதும் இதுவும் ஒண்ணு."

"காசு சுண்டறப்ப நான் காசுகிட்டவா பேசறேன்?"

"சரி, அம்மன்தான் பதில் சொல்றாங்கன்னு எப்படி நிரூபிப்பீங்க?"

"அலமாக்! ரோட்டப் பாத்து ஓட்டுடா. நீ பொஸ்தகத்துல தேடு, நான் கோயில்ல தேடறேன். யாரு மொதல்ல பாக்கறாங்களோ அவங்க போன் பண்ணலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

கோயிலை அடைந்ததும் கால் கழுவக் குழாயடிக்குப் போனார். பொட்டலம் கட்டுவது என் வேலை. எடுப்பவர் கட்டக் கூடாது. என் வீட்டுச் செடியில் பறித்த வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் ஒரே பையில் கலந்து கிடந்தன. சிவப்பு வந்துவிட்டால்? அக்கா பிடிவாதக்காரர். படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அப்போதுதான் அந்த வரிகளை எழுதினேன். பிறகு கட்ட ஆரம்பித்தேன். முதல் பொட்டலத்தை முடித்து, இரண்டாவதை மடித்துக்கொண்டிருந்தபோது கார்க் கண்ணாடியில் தட்டல்.

"இன்னுமாடா கட்டற? நெய்யற மாதிரில்ல இருக்கு!"

அவசரமாக முடிச்சுப் போட்டேன். மீதிப் பூக்களை வாசலில் ஓடிய கால்வாயில் கொட்டிவிட்டு உள்ளே போனேன்.

பூசாரிக்கு நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து, குளித்துவிட்டு நேரே பூஜைக்கு வருபவர். பொட்டலங்களை வாங்கிக் கருவறைக்குள் கொண்டுபோனார், திரை போட்டார், திரை விலகியபோது இரண்டும் அம்மன் காலடித் தட்டில் இருந்தன. அக்கா வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு பூசாரி நீட்டிய தட்டிலிருந்து இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தார்.

வெள்ளை.

அக்கா அழுதார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். வழக்கப்படி மற்றதையும் பிரித்துக் காட்டுவார்கள் என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. "விடுங்க, அதான் வந்துடுச்சே" என்று கை நீட்டினேன். அதற்குள் பூசாரி நூலை இழுத்துவிட்டார்.

சிவப்பு அரளி.

"என்னண்ணே, அக்காவுக்கு நல்ல உத்தரவு வந்திருக்கு, உங்க மொகம் ஏன் வெளுத்துப்போச்சு?" என்றார் பூசாரி.

வெளியே வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கால்வாயில் நான் கொட்டிய பூக்களில் ஒன்றுகூட இல்லை. அக்கா காரில் ஏறியதும் படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மணி 9.10. அதையும் குறித்தேன்.

அடுத்த செவ்வாய், 22ஆம் தேதி, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மருத்துவமனை நாற்காலியில் காத்திருந்தபோதும் எனக்கு அந்தச் சிவப்புப் பூ நினைவுதான். சாத்தியங்களை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு இருக்க வேண்டும் என்று தெரிந்த பூசாரி, உள்ளே மாற்றியிருக்கலாம். ஆனால் கட்டிய பொட்டலத்தை அவர் ஏன் பிரிக்க வேண்டும்? இன்னொருவருடைய பொட்டலம் கலந்திருக்கலாம். போனில் கேட்டேன். "அன்னிக்கு ரெண்டு மூணு பேரு பூ கேட்டாங்கண்ணே. யாருது எங்க இருந்துச்சுன்னு இப்பக் கேட்டா எப்படி? தூக்கக் கலக்கம் வேற" என்றார்.

மூன்றாவது சாத்தியம்தான் என்னை உறுத்தியது. கண்ணாடியில் தட்டல் கேட்ட அவசரத்தில் நானே சிவப்பை வைத்துக் கட்டியிருக்கலாம். "இரண்டிலும் வெள்ளை" என்று எழுதியிருக்கிறதே என்றால், அது கட்டுவதற்கு முன் எழுதியது. நடந்ததை அல்ல, நடக்கப்போவதாக நான் நினைத்ததை எழுதியிருக்கிறேன். தொழிற்சாலையில் யாராவது சோதனைக்கு முன்பே முடிவை எழுதினால் நான் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

டிசம்பர் 3, சனிக்கிழமை, அக்கா வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று தயாராக இருந்தேன். தையல் வலிக்கும் என்று நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு சிரித்தார்.

"அடப்பாவி! சாமிகிட்டயே தில்லுமுல்லா? நீ தப்பாக் கட்டினத அவ சரியாக் கட்டிட்டா, அவ்வளவுதான்."

"சிவப்பு வந்திருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

"இன்னொரு தடவ கேட்டிருப்பேன்லா."

"அதுவும் சிவப்புன்னா?"

"அப்பவும் கேப்பேன். அம்மாகிட்ட ஒரு தடவதான் கேக்கணும்னு எவன் சொன்னான்?"

"அப்புறம் எதுக்குப் பூ?"

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "தனியாக் கையெழுத்துப் போடப் பயமா இருந்துச்சுடா. யாராவது கூட நின்னா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

"நான் கூடத்தானே இருந்தேன்?"

"இருந்த. என்னவிட நீதான் ரொம்பப் பயந்துபோய் இருந்த."

அன்று ராத்திரி நாட்குறிப்பை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தேன். அந்தக் கோயிலில் பூவின் சொல்லுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆள்தான், அது அக்கா இல்லை. நான் அம்மனுக்குத் தேர்வு வைக்கப் போனேன், அதிலும் விடையை முன்கூட்டியே எழுதிவிட்டு. அக்கா எதையும் சோதிக்கவில்லை. பேசத் துணை தேடிப் போனார். என் புத்தகங்களில் இருந்த கேள்விகள் தவறானவை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவை எதுவும் அக்கா கேட்ட கேள்வி இல்லை.

அக்கா நலமாக இருக்கிறார்; பரிசோதனைகளுக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். நாட்குறிப்பில் அந்த வரிகளுக்குக் கீழே பிறகு ஒரு வரி சேர்த்திருக்கிறேன். எந்தப் பதிவையும் முடிக்காமல் விடாதவன், இதை மட்டும் முடிக்க வேண்டும் என்ற பதைப்பு இல்லாமல் அவ்வப்போது திறந்து படிக்கிறேன்: "இரண்டாவது பொட்டலத்தில் சிவப்பு எப்படி வந்தது என்பது இன்னும் உறுதி செய்யப்படவில்லை."