பிஷொஃப்டுவில் நான் மடித்த இலை

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக மெஸ் நடத்துகிறேன். எந்த ஊர்ச் சாப்பாடும் என்னை ஒன்றும் செய்துவிடாது என்ற தைரியத்தில்தான் எத்தியோப்பியாவுக்கு விமானம் ஏறினேன். அங்கே கணக்கு வாத்தியாராக இருக்கும் என் தம்பி குமரன், கட்டினால் அந்த நாட்டுப் பெண் ஹிருத்தைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என்னை வழியனுப்பக் கரியாலூரிலிருந்து மலையிறங்கி வந்த அம்மா கண்டிப்பாகச் சொன்னாள்:

"பொண்ண போட்டோல பாத்துட்டேன். அந்த வூட்டு மனுசங்க எப்டின்னு பந்தில ஒக்காந்து பாத்துட்டு வா. சரியில்லன்னா அவன இழுத்துக்கினு வந்துரு."

சனிக்கிழமை காலை பத்து மணி. அடிஸ் அபாபாவிலிருந்து பிஷொஃப்டுவுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். வேனில் தலைக்கு இருபத்தைந்து பிர் கட்டணம். நான் இந்தியா என்று தெரிந்ததும் டிரைவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அவருக்கும் கணக்கு வாத்தியார் நம்ம ஊர்க்காரர்தானாம். ஜாஸ்தி அடிப்பாராம்" என்றான் குமரன்.

"உன்ன மாதிரியா?" என்றேன். அவன் வழி நெடுக நகத்தைக் கடித்துக்கொண்டே வந்தான்.

பதினொன்றரைக்கு ஹிருத் வீட்டில் இருந்தோம். அவளுடைய அம்மா அல்மாஸ் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி எங்கள் கைகளைக் கழுவிவிட்டார். வலது கையால் சாப்பிடுகிற ஊர், இனி எனக்கென்ன கவலை என்று நினைத்தேன். உயரமான கூடை மேசை மேல் முறம் அகலத்துக்கு ஒரே ஒரு தட்டு வந்தது. தட்டு முழுக்க இஞ்சேரா. ஆப்பம் போல் பொத்தல் பொத்தலாக, புளித்த வாசனையோடு இருந்தது. நம் சாமையைவிடப் பொடியான தானியத்தில் செய்வார்களாம். அதன் நடுவே முட்டை போட்ட கோழிக் குழம்பு. ஹிருத், அவள் அப்பா, அம்மா, குமரன், நான் என்று ஐந்து பேருக்கும் அது ஒன்றுதான்.

குழம்பு அருமை. காரம் நம் ஊரை மிஞ்சியது. தனியாகச் சுருட்டி வைத்திருந்த இஞ்சேராக்களைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டேன். அடியில் விரித்திருந்ததை இலை என்றே எடுத்துக்கொண்டேன். வயிறு நிறைந்ததும், உறவு நீடிக்கட்டும் என்று மனதார நினைத்து, அதை என் பக்கமாக அழகாக மடித்துவிட்டேன்.

மீதிக் குழம்பு முழுக்க உள்ளே மூடிப்போயிற்று. நான்கு கைகள் அப்படியே நின்றன. ஹிருத்தின் அப்பா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"எக்கா, இன்னா பண்ற? அது இலை இல்ல, சோறு! அவங்க இன்னும் துன்னுகினு கீறாங்க!" குமரனின் முகம் வெளுத்துவிட்டது. அல்மாஸ் மெதுவாக ஏதோ கேட்டார். "சமையல் புடிக்கலயா, பொண்ணு புடிக்கலயான்னு கேக்கறாங்க."

ஆயிரம் பந்தி பரிமாறியவள் தம்பியின் கல்யாணத்தை ஒரே மடிப்பில் கெடுத்துவிட்டேனே! "எங்கூர்ல இப்டி மடிச்சா சொந்தம் வேணும்னு அர்த்தம்னு சொல்லுடா" என்றேன்.

அவன் சொன்னான். அல்மாஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் மடித்த இடத்திலேயே பிய்த்து, கோழியும் முட்டையும் வைத்து உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினார். அதுவரை தன் வாய்க்குப் போய்வந்த அதே விரல்கள். என் மெஸ்ஸில் எச்சில் கை பட்டால் சாம்பார் வாளியையே கொட்டிவிடுவேன். குமரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். விழுங்குவதற்குள் இன்னொரு கவளம் வந்தது. அந்த ஊரில் ஊட்டினால் ஒன்றோடு நிறுத்தக்கூடாதாம். பிறகு நானும் உருட்டி அவருக்கு இரண்டு ஊட்டினேன். ஹிருத்தின் அப்பா மறுபடி தட்டில் கை வைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அடுத்த வியாழன், மத்தியானம், கரியாலூர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா முகத்தைச் சுளித்தாள். தம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தாலே திட்டுகிறவள் அவள். என் தட்டிலிருந்த சாமைச் சோற்றை உருட்டி அவள் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"ச்சீ, எச்சக் கையி" என்றாள். என் கை இறங்கவில்லை. கடைசியில் வாயைத் திறந்தாள். மென்று விழுங்கினாள்.

"இன்னாடி பாத்துகினு ஒக்காந்துகீற? ஒண்ணோட நிறுத்தக்கூடாதுன்னியே!"