ஜானுவுக்கு ஒரு டம்ளர் சபெராவி

"இனிமே அவங்க ஆசைப்பட்டதைக் கொடுங்க" என்று டாக்டர் சொன்னபோதே வெங்கடரமணனுக்குப் புரிந்துவிட்டது. வைத்தியம் முடிந்தது. வேளை வருவதுதான் பாக்கி.

மனைவி ஜானுவின் நாக்கு மரத்து மாதக்கணக்காகிறது. மருந்துகள் புற்றை விட்டுவிட்டு ருசியைத் தின்றுவிட்டன. சித்திரக்குளத்துப் பக்கம் அந்த வீட்டில் அடுப்படி அவள் ராஜ்யம். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர் அதற்குள் நுழைந்ததே அவள் படுத்த பிறகுதான். ஒரு வேளையாவது அவள் ருசித்துச் சாப்பிட வேண்டும். கோயிலில் கபாலியிடம் அவர் வேண்டிக்கொண்டது அவ்வளவே.

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கும் மகள் ஹம்சினி லீவில் கொண்டுவந்த சிவப்பு ஒயின், பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. சபெராவி என்பது அந்த ஊர்த் திராட்சை. ஜானுவின் கட்டிலருகே போன் ஸ்பீக்கரில் பேசினாள் மகள்.

"நாவப்பழம் மாதிரி துவர்க்கும்ப்பா. அம்மாவுக்கு அதாவது தெரியலாம். எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணு, ஜோடி சேரும். ரெண்டு வாய் குடிச்சா பரவாயில்லேன்னு டாக்டரும் சொல்லிட்டார்."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்கடரமணன் ஒயினை டபராவில் ஊற்றி, காப்பி மாதிரி ஆற்றினார்.

"ஏன்னா, நுரையே வரலையே!" ஜானு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பழக்கதோஷம், அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். இரண்டு சொட்டு புடவையில் ரத்தமாய்ச் சிந்தியது.

"துவர்க்கறதுன்னா! நாவப்பழமேதான்!"

கத்திரிக்காய் பிசைந்த சாதத்தை ஊட்டினார். விழுங்கினாள்.

"உப்பு, உறைப்பு எல்லாம் கச்சிதம். இத்தனை வருஷம் இந்தக் கைமணத்தை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தேள்?"

கண்கலங்க, தானும் ஒரு வாய் போட்டுக்கொண்டார்.

உப்பே இல்லை.

ஸ்வாமிக்குக் காட்டாமல் எதையும் வாயில் வைக்காத வீடு அது. ஜானுவும் சமைக்கும்போது ருசி பார்த்ததில்லை. அவள் கைக்கு அளவு தெரியும். அவர் கைக்குத் தெரியவில்லை.

அப்படியானால் நாவல்பழம்? அது மகள் சொன்ன வார்த்தை. அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறாள், பாவி.

"என்னன்னா, பிடிக்கலையா?" அவள் கண்கள் அவர் முகத்தைத் துழாவின.

உப்பு ஜாடியை நோக்கிப் போன கையை இழுத்துக்கொண்டார். "கச்சிதமா இருக்கு ஜானு." இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார்.

போன் அடித்தது. "அப்பா, ஜோடி சேர்ந்துதா?"

"சேர்ந்துதுடி கண்ணே" என்று முந்திக்கொண்டாள் ஜானு.

மிச்ச ஒயினை வெங்கடரமணன் ஒரே மடக்காகக் குடித்தார். நிஜமாகவே துவர்த்தது. அந்தத் துவர்ப்பு அவருக்கு மட்டும்தான் தெரிந்தது.